பட்டிக்காட்டானும் பாதாள ரயிலும்

நியூயார்க் வந்து இறங்கிய மூன்றாவது நாள். ஜாக்சன் ஹைட்ஸ் ஸ்டேஷனில் என் ரூம்மேட்டோடு 7-ஆம் நம்பர் ட்ரெயினில் ஏறினேன். பாதாள ரயில் என்று கேள்விப்பட்டு வந்தவனுக்கு முதல் ஆச்சரியம், அது பாதாளத்திலேயே இல்லை. தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள் தாங்கும் பாதையில் தடதடவென்று ஓடியது. இரண்டாம் மாடி ஜன்னல்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், ஐந்தாறு மொழிகளில் கடைப் பலகைகள் எல்லாம் பின்னால் போயின. குயின்ஸ்பரோ பிளாசா தாண்டியதும் வண்டி ஒரு வளைவில் திரும்ப, மன்ஹாட்டன் கட்டிடங்கள் மொத்தமாக ஜன்னலுக்குள் வந்து நின்றன. நான் எழுந்துபோய்க் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

"டேய், பட்டிக்காட்டான் முட்டாய்க்கடையைப் பாத்த மாதிரி பாக்காதடா. மானத்த வாங்காத, வந்து உக்காரு."

ரூம்மேட் சென்னைக்காரன். எனக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவன். சுற்றிப் பார்த்தேன். பெட்டியில் இருந்த நாற்பது ஐம்பது பேரில் ஒருவர்கூட வெளியே பார்க்கவில்லை. எல்லோரும் போன், தூக்கம், இல்லாவிட்டால் எதிரே இருக்கும் விளம்பரம். வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றைக்கு உட்கார்ந்தது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஊருக்குப் புதிதாக வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது வழி இல்லை, வாயை மூடிக்கொள்வதைத்தான். எதைப் பார்த்தாலும் "இதெல்லாம் சகஜம்" என்பது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பார்த்தால் புதுசு என்று தெரிந்துவிடும். புதுசு என்று தெரிந்தால் ஏமாற்றுவார்கள், இல்லை சிரிப்பார்கள். ஆச்சரியப்படாமல் இருப்பதுதான் இந்த ஊர்க்காரன் என்பதற்கு அடையாள அட்டை. நானும் ஒரு மாதம் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். பிறகு கழற்றிப் போட்டுவிட்டேன். நம்மூர்ப் பழமொழியில் வரும் அந்தப் பட்டிக்காட்டான் மேல் எனக்கு இப்போது பெரிய மரியாதை. முட்டாய்க்கடையை உண்மையிலேயே பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ரயில் மேல் ஏன் இத்தனை மோகம் என்று கேட்டால், அதற்கு ஒரு சின்ன ஊர்க்கதை இருக்கிறது. எங்கள் ஊர் தேனி. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடிய மீட்டர்கேஜ் ரயிலை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியோடு நிறுத்தினார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் நிறுத்தி, "நல்லா பாத்துக்கடா, கொஞ்ச நாளைக்கு வராது" என்றார். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருடத்துக்கும் மேல் நீண்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் முள் முளைத்தது, நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். 2022 மே மாதம் தேனிக்கு ரயில் திரும்பி வந்தது, 2023 ஜூனில் போடி வரை போனது. பள்ளிக்கூட வயது முழுவதும் ரயில் இல்லாத ஒரு ரயில் ஊரில் வளர்ந்தவன் நான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிற ஊருக்கு வந்தால் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் என்ன செய்வான்? :-)

சரி, என்னை விடுங்கள். இந்த சப்வேயின் முதல் பட்டிக்காட்டான் யார் தெரியுமா? நியூயார்க் நகரத்தின் மேயர்!

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 27. சப்வே திறப்பு விழா. மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன் கையில் வெள்ளியில் செய்த ஒரு கைப்பிடியைக் கொடுத்தார்கள். சிட்டி ஹால் ஸ்டேஷனில் வண்டியைச் சம்பிரதாயத்துக்குக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஓட்டத் தெரிந்தவரிடம் அவர் ஒப்படைத்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. மனிதர் கைப்பிடியை விடவில்லை. பக்கத்தில் நின்ற அதிகாரிகள் பதறப் பதற, 103-ஆம் தெரு வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்று மாலை ஏழு மணிக்குப் பொதுமக்களை விட்டார்கள். அந்த ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 சென்ட் கொடுத்து ஏறினார்கள். பலருக்கும் எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. நல்ல உடை உடுத்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாக, பூமிக்குக் கீழே போய்விட்டுத் திரும்பி வருவதற்காகவே வந்தார்கள். திருவிழாவில் ராட்டினம் ஏறுகிற மாதிரி.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு நகரத்தின் முதல் குடிமகனே, விளையாட்டுப் பொம்மையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் குழந்தை மாதிரி நடந்துகொண்டிருக்கிறார். அப்படித்தான் இது தொடங்கியது. இன்றைக்கு 28 ஸ்டேஷன் 472 ஆகியிருக்கிறது. 1948 வரை 5 சென்ட்டாகவே இருந்த டிக்கெட் 2026 தொடக்கத்தில் 3 டாலர் ஆகிவிட்டது. நடுவில் காணாமல் போனது அந்த ஆச்சரியம் மட்டும்தான். அது வண்டியை விட்டுப் போகவில்லை, நம் கண்ணை விட்டுத்தான் போயிருக்கிறது.

'அப்படி என்னய்யா இருக்கிறது, சுவரும் இருட்டும்தானே?' என்று கேட்பீர்கள். நான் தினமும் பார்க்கிறவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

என் வகுப்பு புரூக்ளினில். ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து ஆர் ட்ரெயினில் ஏறினால் வண்டி மாறாமல் டிகால்ப் அவென்யூ வரை போய்விடலாம். ஆனால் அது ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. அதனால் நான் 7-இல் ஏறி, டைம்ஸ் ஸ்கொயரில் இறங்கி, க்யூ ட்ரெயினுக்கு மாறுகிறேன். அது மன்ஹாட்டன் பாலத்தின் மேலே போகும். சுற்றுவழிதான், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்தான். ரூம்மேட் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பான்.

அந்தப் பைத்தியக்காரத்தனத்தில் முதல் லாபம் பிராட்வேக்குக் கீழே கிடைக்கும். நியூயார்க் சப்வேயின் பெரிய புத்திசாலித்தனம் நான்கு தண்டவாளம். 1904-லேயே முக்கியமான பகுதியில் நான்கு தண்டவாளம் போட்டுவிட்டார்கள். நடுவில் இரண்டு எக்ஸ்பிரஸுக்கு, ஓரத்தில் இரண்டு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கலுக்கு. இந்த ஊர் சப்வே ராத்திரி பகல் என்று 24 மணி நேரமும் ஓட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தண்டவாளத்தைப் பழுதுபார்த்தால் வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் திருப்பிவிடலாம். இது பொறியியல் சமாச்சாரம்.

இதன் பலன் பயணிக்கு எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? நம் வண்டி இருட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து சேரும். இரண்டும் ஒரே வேகம் எடுக்கும். அப்போது நகர்வதே தெரியாது. இருட்டுக்கு நடுவில் வெளிச்சமான ஒரு அறை, நம் அறைக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டு வரும். அதில் ஒரு பாட்டி பையைப் பிடித்தபடி தூங்குவார். ஒருவர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவார். ஒரு குழந்தை நேராக என்னைப் பார்க்கும். கை காட்டினால் அதுவும் கை காட்டும். பத்து பதினைந்து விநாடிதான். பிறகு அந்த அறை மெதுவாகப் பின்வாங்கும், ஒரு தூண், இரண்டு தூண், இருட்டு. அந்தக் குழந்தையை வாழ்நாளில் இனிப் பார்க்கப் போவதில்லை. காசு கொடுத்துப் பார்க்கும் எந்த சினிமாவிலும் எனக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை.

சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது. திரும்பி வரும்போது, டிகால்ப் அவென்யூவில் மன்ஹாட்டன் போகும் க்யூ அல்லது பி ட்ரெயினில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பாருங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு கார்ட்டூன் படம் ஓடும். வண்ணக் கோடுகள் ஆடும், உருவங்கள் ஒன்று இன்னொன்றாக மாறும், ஒரு ராக்கெட் மேலே கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். அங்கே மிர்டில் அவென்யூ என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1956-இல் மூடிவிட்டார்கள். ஆளில்லாத அந்தப் பிளாட்பாரத்தில் 1980-இல் பில் பிராண்ட் என்ற கலைஞர் 228 ஓவியங்களை வரிசையாக வைத்து, முன்னால் ஒரு சுவர் எழுப்பி, அதில் மெல்லிய செங்குத்துப் பிளவுகள் விட்டார். பிளவு வழியாக ஒவ்வொரு படமும் ஒரு கணம் மட்டும் கண்ணில் பட்டு மறையும். அடுத்தது வரும். சினிமா தியேட்டரில் நாம் அசையாமல் இருப்போம், படச்சுருள் ஓடும். இங்கே படம் அசையாமல் இருக்கிறது, நாம் ஓடுகிறோம். வண்டி மெதுவாகப் போனால் படமும் மெதுவாக ஓடும். வண்டி நின்றுவிட்டால் வெறும் பிளவுகள்தான். டிரைவர்தான் ஆபரேட்டர்! நடுவில் பல வருடம் அழுக்கும் கிறுக்கலும் மூடிக் கிடந்ததை 2008-இல் சுத்தம் செய்து திருத்தினார்கள். 'மாஸ்டிரான்சிஸ்கோப்' என்பது அதன் பெயர்.

ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலைப் பார்ப்பதோடு, ஜன்னலைப் பார்க்காதவர்களையும் பார்ப்பேன். ஒரு பெட்டி முழுக்க ஆள். வெளியே அவர்களுக்காகவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை தலையும் உள்ளங்கையில் இருக்கும் இன்னொரு படத்தை நோக்கிக் குனிந்திருக்கிறது. திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் பல நாள் அப்படிக் குனிந்தவன்தான்.

படம் முடிந்ததும் வண்டி பாலத்தில் ஏறும். சட்டென்று வெயில். ஒரு பக்கம் 1883-இல் கட்டிய புரூக்ளின் பாலம், அதற்கு அப்பால் துறைமுகம். எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சிக்னல் கிடைத்து டிங் டிங் என்று அடிக்கும். அந்தச் சத்தம்கூட எனக்குக் கோயில் மணி மாதிரி பிடித்துப் போய்விட்டது.

அடுத்தது கண்டக்டர். இங்கே வண்டிக்கு நடுப் பெட்டியில் கண்டக்டர் இருப்பார். வண்டி நின்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேலே ஓரிடத்தை நோக்கி விரலை நீட்டுவார். முதலில் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கியது. பிளாட்பாரத்தின் நடுவில் அந்தப் பலகை இருக்கும். அது தனக்கு நேர் எதிரே இருந்தால்தான் வண்டி சரியான இடத்தில் நின்றிருக்கிறது, கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்ளவில்லை என்று பொருள். விரலை நீட்டி உறுதி செய்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். 1996-இலிருந்து இது விதி. ஜப்பான் ரயில்வேயில் கையால் காட்டி, வாயால் சொல்லி வேலை செய்யும் வழக்கம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தது. கண் மட்டும் பார்த்தால் மனம் ஏமாற்றும், கையும் சேர்ந்தால் ஏமாற்றாது.

எங்கள் மாமா ஒருவர் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் ஒரு காலைப் படியில் ஊன்றி, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பின்னால் ஐம்பது அறுபது உயிர் இருக்கிறது என்பது சின்ன வயதில் எனக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த நீட்டிய விரலைப் பார்க்கும்போது மாமா ஞாபகம் வரும். ஒரு நாளைக்குப் பல தடவை, யாரும் பார்க்காவிட்டாலும், ஒரு மனிதர் எனக்காக விரலை நீட்டுகிறார். அதைப் பார்க்கவாவது நான் தலையை நிமிர்த்த வேண்டாமா?

இன்னொன்று, சத்தம். 2, 4, 5-ஆம் நம்பர் ட்ரெயின்களில் 2000-க்குப் பிறகு வந்த பெட்டிகள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது மூன்று ஸ்வரம் பாடும். கீழிருந்து ஒரு பெரிய தாவல், பிறகு ஒரு சின்ன இறக்கம். லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்தில் வரும் ஒரு பாட்டின் தொடக்கம் அப்படியே இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் வருவது 625 வோல்ட் நேர்மின்சாரம். மோட்டாருக்கு வேண்டியது மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி வேகம் எடுக்கும்போது எழுப்பும் ஓசைதான் அது. 1957-இல் நியூயார்க் தெருப் பிள்ளைகளைப் பற்றி மேடையேறிய ஒரு நாடகத்தின் பாட்டை, அதே ஊரின் ரயில் தற்செயலாக முணுமுணுக்கிறது. நான் மின்னியல் படிக்கிறவன். காரணம் தெரிந்த பிறகு ஆச்சரியம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடித்தான் போனது.

அப்புறம் மனிதர்கள். 7-ஆம் நம்பர் பெட்டியில் காலை நேரத்தில் ஸ்பானிஷ், வங்காளி, நேபாளி, சீனம், கொரியன் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஸ்டேஷனான ஃபிளஷிங் வரை போனால் தமிழும் கேட்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பவுன் தெருவில் 1977-இல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோயில் இருக்கிறது. கீழே கேன்டீனில் தோசை. பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவரும், பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு பையனும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் கோயிலுக்கு, ஒருவர் அதற்கு முந்தைய ஸ்டேஷனில் மேட்ஸ் ஆட்டத்துக்கு. வண்டி குலுங்கினால் இருவரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

நான் பார்த்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது மாடிப்படியில் நடக்கும் ஒரு காரியம். குழந்தை வண்டியோடு ஒரு அம்மா படிக்கட்டுக்கு முன்னால் நிற்பார். உதவி கேட்கமாட்டார். யாரோ ஒருவர், பெரும்பாலும் அவசரமாகப் போகிறவர்தான், குனிந்து முன் சக்கரத்தைப் பிடிப்பார். இருவரும் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பேச்சு ஒரு வார்த்தைகூட இருக்காது. நியூயார்க்காரர்கள் முசுடுகள் என்று சொல்கிறவர்கள் இந்தப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

இங்கேதான் ரூம்மேட் குறுக்கே வருவான். "ஓவரா பில்டப் குடுக்காத. எலி, நாத்தம், கோடையில பிளாட்பாரத்துல வேகுற சூடு, அரை மணி நேரம் சுரங்கத்துக்குள்ள நின்னுட்ட வண்டி, இதெல்லாம் எழுத மாட்டியா? ராத்திரியில தனியாப் போற பொண்ணுங்க கிட்ட போய் உன் அதிசயத்தைச் சொல்லிப் பாரு."

நியாயமான கேள்வி. எல்லாம் உண்மைதான். பனிக்காலத்தில் போக வேறு இடம் இல்லாமல் ஒரு ஓரத்தில் சுருண்டு படுத்திருப்பவரை நானும் பார்க்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நான் எந்தப் பெட்டியில் ஏறுவது என்று பார்த்துத்தான் ஏறுகிறேன். அம்மாவுக்கு அதெல்லாம் சொல்வதில்லை. அந்தக் குழந்தை வண்டியைத் தூக்கும் அழகான காட்சிக்குப் பின்னால் இருப்பதும் ஒரு குறைதான். இந்த ஊர் ஸ்டேஷன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சக்கர நாற்காலியில் வருகிறவர் இறங்க வழியில்லை. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2022-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், 95 சதவீத ஸ்டேஷன்களை 2055-க்குள் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2055! குழந்தை வண்டியை இரண்டு பேர் தூக்கலாம். சக்கர நாற்காலியை யார் தூக்குவது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் குறைகளை யார் கவனிக்கிறார்கள்? போனில் குனிந்திருப்பவரா, தலை நிமிர்ந்து பார்ப்பவரா? ஆச்சரியப்படுவது என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது அல்ல. கண்ணைத் திறந்து வைத்திருப்பது. திறந்த கண்ணில் மாஸ்டிரான்சிஸ்கோப்பும் படும், ஓரத்தில் படுத்திருப்பவரும் படுவார். ஒன்றைப் பார்க்க மாட்டேன் என்று மூடினால் மற்றதும் போய்விடும். எனக்குப் பயம், "சகஜம்" என்ற வார்த்தை மேல்தான். அதிசயத்தை சகஜம் என்கிறவன், கொஞ்ச நாளில் அநியாயத்தையும் சகஜம் என்பான்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2024 டிசம்பரில் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஒரு பாடத்தில் ஃபெயில். வாழ்க்கையில் முதல் ஃபெயில். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனில் வந்து படிக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. நான்கு நாள் போனை எடுக்காமல் "கிளாஸ்ல இருக்கேன்" என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன். சனிக்கிழமை காலையில் அறையில் இருக்க முடியவில்லை. கீழே இறங்கி வந்த வண்டியில் ஏறினேன். எங்கேயோ மாறி ஏ ட்ரெயின் பிடித்தேன். நியூயார்க் சப்வேயிலேயே மிக நீளமான ஓட்டம் அதுதான், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 31 மைல். அதே டிக்கெட்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுரங்கம், வீடுகள், மறுபடி வீடுகள். ஹவர்ட் பீச் தாண்டியதும் வீடுகள் தீர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் தண்ணீர்! ஜமைக்கா விரிகுடாவின் நடுவில் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்டேஷனுக்கு மூன்றரை மைல். புல் முளைத்த சின்னச் சின்னத் திட்டுகள், அவற்றில் பறவைகள். தலைக்கு மேல் விமானம் இறங்குகிறது. பெட்டியில் மொத்தம் ஆறேழு பேர். நான் எழுந்துபோய்க் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

என்ன தோன்றியதோ, அம்மாவுக்கு போன் போட்டேன். இங்கே காலை பத்து, ஊரில் ராத்திரி எட்டரை.

"எங்கய்யா இருக்க? என்ன சத்தம் அது?"

"ரயில்ல போறேம்மா. தண்ணி மேல போகுது."

"தண்ணி மேலயா? பாம்பன் மாதிரியா?"

"ஆமாம்மா, பாம்பன் மாதிரிதான்."

"நெசமாவா!"

அந்த "நெசமாவா"வில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஃபெயில் ஆனதைச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, திரும்ப எழுதிக்கலாம்ல? எழுது. அப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அப்புறம், "இன்னும் தண்ணி தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிந்தது. கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கே கடற்கரையில் குளிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே வண்டியில் திரும்பி வந்தேன். அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்தை எழுதித் தேறினேன். ரயில் ஏறினால் பாடம் தேறும் என்று சொல்லவில்லை. :-) கவலையில் சுருங்கிக் கிடந்தவனுக்கு, வெளியே இன்னும் இவ்வளவு பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அந்த ஜன்னல் காட்டியது. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

ஆகவே நண்பர்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி. சென்னை மெட்ரோவோ, டெல்லி மெட்ரோவோ, கொல்கத்தாவில் 1984-இலிருந்து ஓடும் நம் நாட்டின் முதல் பாதாள ரயிலோ, வாரத்தில் ஒரு தடவையாவது தலையை நிமிர்த்திப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பட்டிக்காட்டான் என்று நினைத்தால் நினைக்கட்டும். ஒரு நகரத்து மேயரே கைப்பிடியை விடாமல் 103-ஆம் தெரு வரைக்கும் போயிருக்கிறார். நமக்கென்ன வெட்கம்?

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரூம்மேட் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏண்டா, அந்த கார்ட்டூன் எந்தப் பக்க ஜன்னல்ல தெரியும்னு சொன்ன?"

"வலது பக்கம்."

"ம்" என்றான். வேறொன்றும் பேசவில்லை. நானும் மானத்தை வாங்கவில்லை.